வயிற்றுக் கிருமி ஒழிந்ததா? உறுதி செய்துகொள்ள ஒரு பாடம்

நம்மவர் இருவர் சந்தித்துக்கொண்டால், ஊர் நலம் விசாரித்து முடிந்ததும் பேச்சு உடம்பு நலத்துக்கு வரும். உடம்பு என்றால் பாதி நேரம் வயிறுதான். தாராவியில் பட்டறை வைத்திருப்பவர், மாட்டுங்காவிலிருந்து தினமும் ரயிலேறி அலுவலகம் போய்வருபவர், செம்பூரில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி என்று யாரைக் கேட்டாலும் நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், வெறும் வயிற்றில் வலி ஆகிய மூன்றில் ஒன்றைச் சொல்வார்கள். வேளைக்குச் சாப்பிடாததும், காரமும், கவலையும்தான் வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பி வந்தோம். மருத்துவர்களும் அப்படித்தான் நம்பினார்கள்.

இன்று நமக்குத் தெரிவது வேறு. இரைப்பையிலும் சிறுகுடலின் முன்பகுதியிலும் வரும் புண்களுக்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. ஒன்று, ஹெலிக்கோபாக்டர் பைலோரி என்னும் கிருமி. மற்றொன்று, மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் நாம் அடிக்கடி விழுங்கும் வலி மாத்திரைகள். முதலாவதான கிருமிக்கு மருந்து உண்டு. நம் வாசகர்களில் பலர் அந்த மருந்தைச் சாப்பிட்டிருப்பார்கள். ஆனால் மருந்து முடிந்த பிறகு கிருமி உண்மையிலேயே ஒழிந்ததா என்று சோதித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? “வலி போய்விட்டது, அப்புறம் என்ன சோதனை?” என்று விட்டுவிடுகிறவர்களே அதிகம். அந்தச் சோதனை ஏன் வேண்டும், எது சரியான சோதனை, எப்போது செய்ய வேண்டும் என்பவற்றை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

கிருமி கண்டுபிடிக்கப்பட்ட கதை

நம் இரைப்பையில் சுரப்பது கடுமையான அமிலம். அதில் எந்தக் கிருமியும் குடியிருக்க முடியாது என்பது பழைய பாடம். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் திசு ஆய்வு மருத்துவராக இருந்த ராபின் வாரன், 1979-ல் இரைப்பைத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது வளைந்த வடிவமுள்ள கிருமிகளைக் கண்டார். இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவருடன் சேர்ந்தார். கிருமியைச் சோதனைக்கூடத்தில் வளர்க்கப் பலமுறை முயன்றும் முடியவில்லை. 1982-ல் ஈஸ்டர் விடுமுறைக்காகத் தட்டுகளை வழக்கத்தைவிட அதிக நாள் அப்படியே விட்டு வைத்திருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது! அது மெதுவாக வளரும் கிருமி. அதுவரை அவசரப்பட்டுத் தட்டுகளைத் தூக்கி எறிந்து வந்திருக்கிறார்கள்.

உலகம் உடனே நம்பிவிடவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்த்த திரவத்தைத் தாமே குடித்தார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் வந்தன. அவருடைய இரைப்பையில் அழற்சி ஏற்பட்டிருந்தது எண்டாஸ்கோப்பியில் தெரிந்தது. 1994-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இந்தக் கிருமியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. 2005-ல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டுச் செய்தி ஒன்றும் இங்கே சொல்லத்தக்கது. எஸ். எல். மல்ஹோத்ரா என்னும் ரயில்வே மருத்துவர், இந்திய ரயில்வே ஊழியர்களிடையே வயிற்றுப் புண்ணைப் பற்றி ஆராய்ந்து 1964-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அரிசி உண்ணும் தென்னாட்டவரிடம் இந்நோய் அதிகமாகவும், கோதுமை உண்ணும் வடநாட்டவரிடம் குறைவாகவும் இருப்பதை அவர் கண்டார். கிருமி கண்டுபிடிக்கப்படாத காலம் அது. ஆகவே உணவிலும் மெல்லும் பழக்கத்திலும் காரணம் தேடினார். வயிற்றுப் புண் நம்மவருக்குப் புதிய விருந்தாளி அல்ல என்பதற்கு இது ஒரு சாட்சி.

வலி நின்றதும் கிருமி ஒழிந்ததும் ஒன்றா?

இல்லை. இந்தப் பாடத்தின் உயிர்நாடி இதுதான்.

கிருமிக்குத் தரப்படும் மருந்தில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஆன்டிபயாடிக் மாத்திரைகள் கிருமியைக் கொல்கின்றன. உடன் தரப்படும் ஓமிப்ரஸோல், பான்டோப்ரஸோல் போன்ற மாத்திரைகள் அமிலச் சுரப்பைக் குறைக்கின்றன. அமிலம் குறைந்த இரண்டு மூன்று நாட்களிலேயே எரிச்சல் அடங்கிவிடும். புண்ணும் ஆறத் தொடங்கும். ஆனால் கிருமி சாகாமலே இருக்கலாம். வலி என்பது புண்ணும் அமிலமும் கொடுக்கும் செய்தி; கிருமி தானாகச் செய்தி எதுவும் அனுப்புவதில்லை.

1988-ல் மார்ஷலும் அவருடைய குழுவினரும் முன்சிறுகுடல் புண் உள்ள 100 பேரிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். சிகிச்சைக்குப் பிறகும் கிருமி தங்கியிருந்தவர்களில் பலருக்குப் புண் ஆறியது உண்மை. ஆனால் அப்படி ஆறியவர்களில் 84 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் புண் திரும்பி வந்தது. கிருமி ஒழிந்தவர்களிலோ 21 சதவீதம் பேருக்கு மட்டுமே திரும்பியது. புண் ஆறிவிட்டது என்று வீட்டுக்குப் போனவர்களில் யாருக்கு அது திரும்பப் போகிறது என்பதைச் சொன்னது அவர்கள் உணர்ந்த வலியல்ல. கிருமி இருக்கிறதா இல்லையா என்பதே.

புண் திரும்பினால் வெறும் எரிச்சலோடு போகாது. சிலருக்கு இரத்தக் கசிவு ஏற்படும். சிலருக்குக் குடல் சுவரில் ஓட்டை விழுந்து அவசர அறுவை சிகிச்சை வரை போகும். பல ஆண்டுகள் கிருமி தங்கினால் ஒரு சிலருக்கு இரைப்பைப் புற்றுநோய்க்கும் வழி வைக்கிறது. 1980-களில் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களுக்கு வந்த புற்றுநோய்களுள் இரைப்பைப் புற்றுநோய் முன்வரிசையில் நின்றது. பம்பாய்ப் பதிவேட்டில் அது அவ்வளவு இல்லை. இரண்டு ஊர்களிலும் கிருமி உண்டு. ஆகவே கிருமி மட்டுமே முழுக் காரணம் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. கிருமி உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் புண்ணோ புற்றுநோயோ வருவதில்லை. பயப்பட வேண்டாம். ஆனால் மருத்துவர் கிருமி இருப்பதாகக் கண்டு சிகிச்சையும் கொடுத்துவிட்ட பிறகு, வேலையைப் பாதியில் விடக் கூடாது.

கிருமி தப்பிப்பது எப்படி?

நல்ல சிகிச்சை என்றால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கிருமி ஒழிய வேண்டும் என்பது மருத்துவர்களின் எதிர்பார்ப்பு. நடைமுறையில் அந்த அளவு எட்டாமல் போவதற்கு இரண்டு காரணங்கள் முக்கியமானவை.

முதலாவது, மருந்தை முழுவதும் சாப்பிடாமை. வேளைக்கு மூன்று நான்கு மாத்திரைகள், பெரும்பாலும் 14 நாட்கள். வாய் கசக்கும், வயிறு இளகும், பிஸ்மத் கலந்த மருந்தானால் மலம் கறுக்கும். ஐந்தாம் நாள் வலி நின்றதும் மீதிப் பட்டையை அலமாரியில் வைத்துவிடுகிறோம். நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறும் அவசரத்தில் மாத்திரைப் பையை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

இரண்டாவது, மருந்துக்குப் பழகிப்போன கிருமி. வயிற்றுப்போக்கு என்றால் மெட்ரோனிடஸோல், சளி இருமல் என்றால் அஸித்ரோமைசின் என்று மருத்துவர் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கிச் சாப்பிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த மருந்துகளையும் அவற்றின் உறவு மருந்துகளையும் எதிர்த்து நிற்க வயிற்றில் உள்ள கிருமி அப்போதே கற்றுக்கொள்கிறது. பிறகு அதற்கென்றே மருந்து கொடுக்கும்போது மசிவதில்லை. இந்தியாவில் மெட்ரோனிடஸோலை எதிர்த்து நிற்கும் கிருமிகள் மிக அதிகம். எனவே ஒழுங்காக மருந்து சாப்பிட்டவருக்கும் கிருமி தங்கியிருக்கக்கூடும். அவர் மேல் தவறில்லை. ஆனால் சோதித்தால்தான் தெரியும்.

இதனால்தான் அமெரிக்க இரைப்பை-குடலியல் மருத்துவர்களின் அமைப்பு 2017-லும் 2024-லும் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், சிகிச்சை பெற்ற ஒவ்வொருவருக்கும் கிருமி ஒழிந்ததா என்ற சோதனை செய்யப்பட வேண்டும் என்று கூறியிருக்கிறது.

எந்தச் சோதனை சரி?

நான்கு வகைச் சோதனைகள் உள்ளன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. மூச்சுச் சோதனை. கிருமி ஒழிந்ததா என்று அறிய மிகவும் ஏற்றது இது. அமிலத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள இந்தக் கிருமி யூரியேஸ் என்னும் நொதியைச் சுரக்கிறது. அந்த நொதி யூரியாவை உடைத்து அமோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். அமோனியா அமிலத்தை முறித்துக் கிருமியைச் சுற்றி ஒரு வேலி போடுகிறது. இந்தக் குணத்தை வைத்தே கிருமியைப் பிடிக்கிறார்கள். அடையாளம் இட்ட கார்பன் சேர்ந்த யூரியாவைக் குடிக்கவோ விழுங்கவோ கொடுப்பார்கள். கிருமி இருந்தால் அது யூரியாவை உடைக்கும். அடையாளக் கார்பன் கரியமில வாயுவாகி, இரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியே மூச்சில் வெளிவரும். பையிலோ குழாயிலோ ஊதச் சொல்லி அதை அளப்பார்கள். கிருமி இல்லையென்றால் யூரியா உடையாது. மூச்சிலும் அடையாளம் வராது.

இதில் கார்பன் 13, கார்பன் 14 என்று இரண்டு வகை உண்டு. செம்பூரை அடுத்த டிராம்பேயில் அணு ஆராய்ச்சி மையம் இருப்பதால் ஐசோடோப்பு என்ற சொல் நம் காதுக்குப் புதிதல்ல. கார்பன் 13-ல் கதிரியக்கம் கிடையாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றது. கார்பன் 14-ல் கதிரியக்கம் மிக மிகக் குறைவு. பெரியவர்களுக்குக் கவலை இல்லை. ஆயினும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதைத் தவிர்ப்பார்கள். சோதனைக்கு முன் சில மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் வர வேண்டும். அரை மணி, முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஊசி, குழாய் எதுவும் இல்லை.

2. மலத்தில் கிருமிப் பொருளைத் தேடும் சோதனை. இறந்த கிருமியின் துணுக்குகள் மலத்தோடு வெளியேறுகின்றன. அவற்றைச் சோதனைக்கூடத்தில் கண்டுபிடிக்கலாம். இதுவும் நம்பத்தக்கது, சிறு குழந்தைகளுக்கு வசதியானது. அட்டைப் பட்டையில் உடனே பார்க்கும் முறையைவிடச் சோதனைக்கூடத்தில் கருவி கொண்டு செய்யும் முறை நல்லது. இது பூச்சி முட்டை பார்க்கும் சாதாரண மலப் பரிசோதனை அல்ல. சீட்டில் பெயர் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீராகப் போகும் நாளில் எடுத்த மாதிரியில் முடிவு சரியாக வராமல் போகலாம். மும்பை வெயிலில் மாதிரியைப் பையில் போட்டுக்கொண்டு அரை நாள் அலையாமல், சோதனைக்கூடம் சொன்ன முறையில் விரைவாகக் கொடுத்துவிட வேண்டும்.

3. எண்டாஸ்கோப்பி. வாய் வழியே மெல்லிய குழாய் செலுத்தி இரைப்பையைப் பார்த்து, துளி திசு எடுத்துச் சோதிப்பது. கிருமி ஒழிந்ததா என்று அறிவதற்காக மட்டும் எல்லோருக்கும் இது தேவையில்லை. ஆனால் இரைப்பையில் புண் இருந்தவர்களுக்கு, அந்தப் புண் முழுதும் ஆறியதா, அது புற்றுநோய்ப் புண்ணாக இருந்துவிடவில்லையே என்று பார்க்க மருத்துவர் மறுபடி எண்டாஸ்கோப்பி செய்யச் சொல்லலாம். அப்போது கிருமிக்கும் சேர்த்துத் திசு எடுப்பார்கள். மருந்துக்குப் பின் கிருமி குறைந்து இடம் மாறியிருக்கக் கூடும் என்பதால், இரைப்பையின் கீழ்ப்பகுதி, மேல்பகுதி இரண்டிலிருந்தும் எடுப்பதே முறை.

4. இரத்தச் சோதனை. கிருமி ஒழிந்ததா என்று அறிய இது உதவாது. இதைத் தடித்த எழுத்தில் மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இரத்தத்தில் பார்ப்பது கிருமியை அல்ல; கிருமியை எதிர்க்க உடல் தயாரித்த எதிர்ப்பொருளை. திருடன் ஓடிய பிறகும் தெருவில் காவல்காரர் நிற்பதுபோல, கிருமி போன பிறகும் எதிர்ப்பொருள் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் இருக்கும். இந்த அறிக்கையைப் பார்த்து “கிருமி இன்னும் போகவில்லை” என்று பயந்து, மறுபடியும் ஆன்டிபயாடிக் சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

எப்போது செய்வது? இரண்டு கணக்குகள்

சரியான சோதனையைத் தவறான நாளில் செய்தால் பயனில்லை. மருந்து கிருமியைக் கொல்லாமல் அடக்கி மட்டும் வைத்திருக்கலாம். அப்போது சோதித்தால் “இல்லை” என்று வரும்; ஒரு மாதம் கழித்துக் கிருமி மீண்டும் பெருகிவிடும். எனவே இரண்டு கணக்குகளைப் பார்க்க வேண்டும்.

முதல் கணக்கு: கடைசி ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்ட நாளிலிருந்து குறைந்தது 4 வாரம் ஆகியிருக்க வேண்டும். பிஸ்மத் மருந்துக்கும் இதே கணக்கு. இடையில் பல் வலிக்கோ காய்ச்சலுக்கோ வேறு ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால், அது முடிந்த நாளிலிருந்து மறுபடி எண்ண வேண்டும்.

இரண்டாம் கணக்கு: அமிலச் சுரப்பைக் குறைக்கும் ‘ப்ரஸோல்’ மாத்திரையை நிறுத்திக் குறைந்தது 2 வாரம் ஆகியிருக்க வேண்டும். ஓமிப்ரஸோல், பான்டோப்ரஸோல், ரபிப்ரஸோல், எஸோமிப்ரஸோல், லான்ஸோப்ரஸோல் எல்லாம் ஒரே குடும்பம். பட்டையின் மேல் கடைப்பெயர் வேறாக இருக்கும். கீழே சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அது ‘ப்ரஸோல்’ என்று முடிந்தால் இந்தக் குடும்பம். வாந்தி மருந்தோடும் வலி மருந்தோடும் சேர்த்து ஒரே மாத்திரையாகவும் இது வருகிறது. அதையும் கவனிக்க வேண்டும். புதிதாக வந்த வோனோப்ரஸான் பெயரில் சற்று மாறினாலும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் ஜனவரி 1 முதல் 14 வரை கிருமி மருந்து சாப்பிட்டார். ஆன்டிபயாடிக் முடிந்தது ஜனவரி 14. அதற்குப் பின் 28 நாட்கள் என்றால் பிப்ரவரி 11. ஆனால் புண் ஆறுவதற்காக மருத்துவர் பான்டோப்ரஸோலைப் பிப்ரவரி 10 வரை தொடரச் சொல்லியிருந்தார். அது நின்ற பின் 14 நாட்கள் என்றால் பிப்ரவரி 24. இரண்டில் எது பிந்தியதோ அதுவே சோதனைக்கு உரிய நாள். இவர் பிப்ரவரி 24-க்கு முன் போகக் கூடாது. பின்னால் எப்போது போனாலும் சரி.

அந்த இரண்டு வாரமும் எரிச்சல் வந்தால் என்ன செய்வது? மாத்திரையை நிறுத்தியதும் சில நாட்களுக்கு அமிலம் கொஞ்சம் துள்ளும். அதைக் கிருமி என்று எண்ணிக் கலங்க வேண்டாம். அமிலத்தை முறிக்கும் சாதாரணத் திரவ மருந்தை மருத்துவரைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். அது சோதனையைக் கெடுப்பதில்லை.

ஓர் எச்சரிக்கை. அண்மையில் புண்ணிலிருந்து இரத்தம் கசிந்தவர்கள், இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் ஆகியோர் ‘ப்ரஸோல்’ மாத்திரையைத் தாமாக நிறுத்தவே கூடாது. ஆஸ்பிரினையும் தாமாக நிறுத்தக் கூடாது. சோதனைக்காக என்ன செய்யலாம் என்று மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

அறிக்கையைப் படிப்பது எப்படி?

நாம் பேச்சில் ‘பாசிடிவ்’ என்றால் நல்லது என்போம். இங்கே தலைகீழ். ‘நெகடிவ்’ என்றால் கிருமி இல்லை. அதுதான் நல்ல செய்தி. ‘பாசிடிவ்’ என்றால் கிருமி இருக்கிறது.

மாத்திரையை நிறுத்தாமலே சோதனை செய்துவிட்டால்? முடிவு ‘பாசிடிவ்’ என்று வந்தால் அதைப் பெரும்பாலும் நம்பலாம். அவ்வளவு அடக்கியும் கிருமி தலைகாட்டுகிறது என்று பொருள். ‘நெகடிவ்’ என்று வந்தால் நம்ப முடியாது. நாள் பார்த்து மறுபடி செய்ய வேண்டும். மூச்சுச் சோதனையின் எண் எல்லைக்கோட்டை ஒட்டி வந்தாலும் மருத்துவர் மறுபடி செய்யச் சொல்லக் கூடும்.

சரியான நாளில் செய்த சோதனை ‘நெகடிவ்’ என்று வந்துவிட்டதா? கிருமியின் கதை முடிந்தது. மறுபடி மறுபடி சோதிக்க வேண்டாம். 2000-ல் மும்பை மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு, முழுதும் ஒழிந்த பிறகு பெரியவர்களுக்குக் கிருமி மீண்டும் தொற்றுவது அரிது என்று காட்டியது. நம் ஊர்த் தண்ணீருக்கும் நெரிசலுக்கும் எத்தனை முறை மருந்து சாப்பிட்டும் பயனில்லை என்று சோர்ந்து பேசுவோருக்கு இது தெம்பு தரும் செய்தி.

‘நெகடிவ்’ வந்தும் எரிச்சல் தொடர்கிறதென்றால் காரணம் வேறு. உணவுக்குழாய்க்குள் அமிலம் ஏறுவது, வலி மாத்திரை, பித்தப்பைக் கல், மனக் கவலையால் வரும் அஜீரணம் என்று பலவும் இருக்கலாம். அதற்காகக் கிருமி மருந்தை மீண்டும் வாங்கிச் சாப்பிடக் கூடாது.

‘பாசிடிவ்’ என்று வந்தால் மனம் தளர வேண்டாம். பழைய சீட்டைக் கடையில் நீட்டி அதே மருந்தை வாங்கவும் வேண்டாம். ஒருமுறை தோற்ற மருந்தைத் திரும்பக் கொடுத்தால் கிருமி இன்னும் பலம் பெறும். மருத்துவர் வேறு ஆன்டிபயாடிக்குகள் கொண்ட வேறு சேர்க்கையைத் தருவார். அதற்காகவே முதலில் சாப்பிட்ட மருந்துகளின் பட்டியல் கையில் இருக்க வேண்டும். இரண்டாம் சிகிச்சைக்குப் பிறகும் அதே இரண்டு கணக்குகள், அதே சோதனை.

வீட்டில் மற்றவர்களுக்கு?

இந்தக் கிருமி பெரும்பாலும் சிறு வயதிலேயே, வீட்டுக்குள்ளேயே தொற்றுகிறது. வாய் வழியாகவும், மலம் கலந்த நீர், உணவு வழியாகவும் பரவுகிறது. 1994-ல் வெளியான ஒரு மும்பை ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கும், பத்து முதல் பத்தொன்பது வயதுக்குட்பட்டவர்களில் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவர்களுக்கும் இரத்தத்தில் எதிர்ப்பொருள் காணப்பட்டது. இவ்வளவு பரவலான கிருமிக்காக ஒருவரை ஒதுக்குவதோ, தனித் தட்டு தனித் தம்ளர் என்று பிரிப்பதோ அர்த்தமற்றது. தொந்தரவே இல்லாத எல்லோரையும் வரிசையாக நிறுத்திச் சோதிப்பதும் தேவையில்லை. குடும்பத்தில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் அதைச் சொல்லி ஆலோசனை கேளுங்கள். கழிப்பறைக்குப் போய்வந்த பிறகும் சமைக்கும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, குடிநீரைக் காய்ச்சுவது, குழந்தைக்கு வாயில் மென்று ஊட்டாமலிருப்பது ஆகியவை எல்லா வீட்டுக்கும் பொது.

மும்பை வாழ் நமக்குச் சில நடைமுறைகள்

நம்மில் பலருக்கு மருத்துவம் இரண்டு ஊர்களில் நடக்கிறது. இங்கே சயான் மருத்துவமனையிலோ பரேல் கே.இ.எம். மருத்துவமனையிலோ சீட்டுப் போட்டு எண்டாஸ்கோப்பி. மே மாத விடுமுறைக்கு ஊருக்குப் போனால் திருநெல்வேலியில் இன்னொரு மருத்துவர், இன்னொரு மருந்து. இதனால் எந்த மருந்து என்று முடிந்தது என்ற கணக்கே தப்பிவிடுகிறது. ஆகவே:

ஊர்ப் பயணம் நெருங்கி இருந்தால் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். 14 நாள் மருந்தைப் பயணத்துக்கு முன் முடிக்க முடியுமா, திரும்பி வந்து தொடங்கலாமா என்று அவர் சொல்வார். இரத்தக் கசிவு போன்ற அவசரம் இருந்தால் மருந்தே முதல், பயணம் பிறகு.

ஒரு சின்ன நோட்டில் நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள்: மருந்துகளின் பெயர்கள், தொடங்கிய நாள், ஆன்டிபயாடிக் முடிந்த நாள், ‘ப்ரஸோல்’ நிறுத்திய நாள். காலி மருந்துப் பட்டைகளை எறியாமல் அந்த நோட்டோடு வையுங்கள். சோதனைக்கூடத்தில் மராத்தியிலோ இந்தியிலோ விளக்கத் தடுமாறுகிறவர்களுக்கு இந்த நோட்டே பேசும்.

மருந்துச் சீட்டு வாங்கும்போதே, “டாக்டர், மருந்து முடிந்த பிறகு கிருமி போய்விட்டதா என்று எப்போது, எந்தச் சோதனை செய்வது?” என்று கேளுங்கள். சோதனையின் பெயரையும் நாளையும் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மூச்சுச் சோதனை எல்லா இடத்திலும் இருக்காது. எங்கே உண்டு, எவ்வளவு செலவு என்று முன்பே விசாரியுங்கள். அது கிடைக்காவிட்டால் மலச் சோதனை போதும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

இரத்த வாந்தி, காப்பித்தூள் போன்ற வாந்தி, தார்போல் கறுத்துப் பிசுபிசுக்கும் மலம், மயக்கம், திடீரென்று தாங்க முடியாத வயிற்று வலி ஆகியவற்றுக்குச் சோதனை நாள் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. பிஸ்மத் மருந்தால் மலம் கறுப்பது சகஜம். ஆயினும் தலைசுற்றலோ சோர்வோ சேர்ந்தால் மருந்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். மேல்வயிறு எரிவதோடு வியர்வையும் மூச்சுத் திணறலும் இடது கை வலியும் வந்தால் அது இதயத்தின் குரலாக இருக்கலாம். காரணமின்றி எடை குறைதல், விழுங்கச் சிரமம், இரத்த சோகை ஆகியவையும் தள்ளிப்போடக் கூடாதவை.

பாடம் புரிந்ததா? நீங்களே சரிபாருங்கள்

கேள்வி 1: மருந்து முடித்து ஒரு வாரம் ஆகிறது. வலி துளியும் இல்லை. சோதனை வேண்டுமா?
விடை: வேண்டும். ஆனால் இப்போது அல்ல; 4 வாரம் கழித்து.

கேள்வி 2: சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்து எடுத்த இரத்தச் சோதனை ‘பாசிடிவ்’. கிருமி இருக்கிறதா?
விடை: இதைக் கொண்டு சொல்ல முடியாது. மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்ய வேண்டும்.

கேள்வி 3: நேற்றுவரை ரபிப்ரஸோல் சாப்பிட்டவருக்கு இன்று மூச்சுச் சோதனை ‘நெகடிவ்’. நிம்மதியாக இருக்கலாமா?
விடை: கூடாது. 2 வாரம் நிறுத்திய பின் செய்த சோதனையே செல்லும்.

கேள்வி 4: ஆறு மாதக் கர்ப்பிணிக்கு எந்தச் சோதனை?
விடை: மலச் சோதனை அல்லது கார்பன் 13 மூச்சுச் சோதனை, மருத்துவர் சொற்படி.

கேள்வி 5: இரண்டாம் முறையும் ‘பாசிடிவ்’. பழைய மருந்தையே இன்னும் பத்து நாள் சாப்பிடலாமா?
விடை: கூடாது. பழைய பட்டியலோடு குடல்நோய் நிபுணரைப் பாருங்கள். எந்த மருந்துக்குக் கிருமி மசியும் என்று திசுவிலிருந்து வளர்த்துப் பார்க்கும் வழியும் உண்டு.

ஐந்துக்கும் சரியாக விடை சொன்னவர்கள், பக்கத்து வீட்டில் மாத்திரைப் பட்டையோடு இருப்பவருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு அந்த நான்கு வரி நோட்டை நீங்களே எழுதிக் கொடுங்கள். பதினான்கு நாள் கசப்பு மாத்திரையை விழுங்கியவருக்கு, அது பலித்ததா என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.